முதல் பெட்டியின் முன் சீட்டு

எங்கள் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. சீசன் டிக்கெட்டில் இருக்கும், ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும். ஆனால் தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை ரயிலின் லேடீஸ் பெட்டியில் ஏறிவிட்டால், எந்த ஸ்டேஷனில் ஏறுகிறாயோ அதுதான் உன் பெயர். நான் குரோம்பேட்டை. எனக்கு முந்தின ஸ்டேஷனில் மூச்சு வாங்க ஏறுகிற, ரிடையராக இரண்டு வருஷம் பாக்கியிருந்த பெரிய மனுஷி சானடோரியம் அக்கா. எனக்கு அடுத்த ஸ்டேஷனில் வயர் கூடையோடு ஏறுகிறவர் பல்லாவரம் டீச்சர். நான் இங்கே எழுத வந்தது தாம்பரத்தைப் பற்றி. ஊரை அல்ல, அவளை. சென்ட்ரல் பக்கம் ஒரு அரசாங்க ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே முப்பது ஆகவில்லை.

ரயில் கிளம்புகிற இடத்தில் ஏறுகிறவளுக்குத்தான் காலி சீட்டு கிடைக்கும். அதனால் மற்றவர்களுக்கு இடம் பிடிக்கிற பொறுப்பும் அவள் தலையில்தான். அவள் பையில் மூன்று கைக்குட்டைகள் தனியாக மடித்து இருக்கும். ஏறின கையோடு வரிசையாக விரித்துவிடுவாள். கைக்குட்டை கிடந்தால் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. கைக்குழந்தைக்காரி கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்போம். வேறு யாராவது தள்ளிவிட்டு உட்கார்ந்தால் சண்டைதான். அந்தச் சண்டையில் சானடோரியம் அக்காவை ஜெயித்தவள் அந்த லைனிலேயே கிடையாது. எனக்கென்று அவள் போடுவது நீலக் கரை வைத்த, ஆம்பிளைகள் வைத்துக்கொள்ளும் பெரிய கைக்குட்டை. அதையும் ஜன்னலோரத்தில்தான் போடுவாள். முதலில் ஏறுகிறவள் அவள், ஜன்னல் எனக்கு. நாலு வருஷம் அப்படித்தான் போனேன். ஒரு நாளாவது 'நீ ஜன்னல்ல உக்காரு' என்று சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை. சொல்லியிருக்கமாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், தாம்பரத்துக்கு மேற்கே முள்ளுக்காடும் பொட்டலுமாகக் கிடந்த இடத்தில் பெரிய பூங்கா ஒன்று வரப்போகிறது, அதில் ரோலர் கோஸ்டர் கட்டுகிறார்கள் என்ற சேதியை அவள்தான் பெட்டிக்குள் கொண்டுவந்தாள். அவள் வீடு மேற்குத் தாம்பரத்தில், அந்தப் பக்கம் போகிற சாலையில் இருந்தது. மொட்டைமாடியில் நின்றால் நடுவில் தென்னந்தோப்பு ஒன்றைத் தவிர மறைப்பு ஏதும் இல்லை. தினம் காலையில் துணி உலர்த்த மேலே போகிறபோது பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் செய்தி வாசிப்பாள்.

"இன்னைக்கு இன்னும் ரெண்டு தூண் நிமிர்ந்துடுச்சு. கிரேன் வந்திருக்கு."

"மஞ்சள் பெயின்ட் அடிக்கிறாங்க. எனக்கென்னவோ சிவப்பா இருந்தா நல்லா இருக்கும்."

"உச்சியில தண்டவாளம் ஏறிடுச்சு. அங்கேர்ந்து கீழே விழுந்தா மாதிரி எறங்குது. அம்மாடி!"

முதலில் நாங்கள் சிரித்தோம். சானடோரியம் அக்கா, "நாம தினம் போறதே அதுலதானடி. இதுக்குத் தனியா டிக்கெட் வேற எடுக்கணுமா?" என்றாள். தப்பில்லை. அந்தக் காலத்து மீட்டர் கேஜ் ரயில் அப்படித்தான் ஆடும். மீனம்பாக்கம் தாண்டினால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மறுபடி ஒரே பக்கமாக நிமிர்வோம். ஆனால் மாசம் இரண்டு மூன்று போனதும் எங்களுக்கே பித்துப் பிடித்துவிட்டது. குரோம்பேட்டையில் கால் வைத்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" பல்லாவரம் டீச்சர் விஞ்ஞானம் எடுக்கிறவர். தலைகீழாகப் போனாலும் ஆள் ஏன் விழமாட்டான் என்று விளக்க, தண்ணி பாட்டிலைக் கையில் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். மூடி கழன்று, எதிர் சீட்டில் சுலோகம் படித்துக்கொண்டிருந்த அம்மாளின் தலையில் முழு பாட்டிலும் கவிழ்ந்தது. கிண்டி வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனோம். தலைகீழ் வட்டம் வருமா வராதா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. கடைசியில் வரவில்லை. ஒரு பெரிய மேடு, மூன்று சின்ன மேடு, ஒரு வளைவு, அவ்வளவுதான். எங்களுக்கு அதுவே மலை.

அவளுக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது பார்க் ஸ்டேஷன் படிக்கட்டில். இரண்டு பேரும் அங்கேதான் இறங்குவோம். ஒரு நாள் மேம்பாலப் படி பாதி ஏறினதும் நின்றுவிட்டாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. நான் பயந்துபோய்ச் சோடா வாங்க ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணும் இல்ல. நின்னா சரியாயிடும். சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிச்சு. அது போறப்போ ஹார்ட்டுல ஒரு வால்வைச் சுருக்கிட்டுப் போயிடுச்சு. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுக்கறேன்."

கூடவே ரயிலில் வந்துகொண்டிருந்தும் அதுவரை எனக்கு இது தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒரு நாள் அவள் லேட்டாக வருவது ஆபீஸில் பர்மிஷன் போட்டுத் தூங்கத்தான் என்று நாங்கள் கேலி செய்திருந்தோம். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்து வந்து ஏன் நின்றுபோகிறது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவள் அம்மா எதையும் மறைக்காமல் சொல்லிவிடுவாராம்.

படியில் நின்றபடியே, "யார்கிட்டயும் சொல்லாதே. அடிச்சு சத்தியம் பண்ணு" என்று உள்ளங்கையை நீட்டினாள். நான் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்புறம் அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து என் காதில் இருக்கிறது.

"நான் கேட்டைத் திறந்து தெருவுல கால் வைக்கறதுக்குள்ள எங்கம்மா பத்து தடவை 'மெதுவாடி'ன்னு சொல்லிடுவாங்க. பள்ளிக்கூடத்துல ரிங் பால் ஆடக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. ஓடிப் போய் பஸ் பிடிச்சதே இல்ல நான். அந்த ரோலர் கோஸ்டர்ல முதல் பெட்டியில, முன் சீட்டுல உக்காரணும். ஒரே ஒரு தடவை. அதுகிட்ட யாரும் 'மெதுவா'ன்னு சொல்ல முடியாதில்ல?"

டாக்டரைக் கேட்டாயா என்றேன். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மிச்சப் படிகளை ஏறினாள். மெதுவாகத்தான்.

பூங்கா திறப்பது தள்ளிக்கொண்டே போனது. பொங்கலுக்கு என்றார்கள், வருஷப் பிறப்புக்கு என்றார்கள். கடைசியில் கோடை லீவுக்குத்தான் ஆயிற்று. அதற்கு முன்னால் ஒரு நாள் காலை அவள் முகம் எப்படி இருந்தது! நான் ஏறுவதற்குள் எழுந்தே நின்றுவிட்டாள். "ஓட ஆரம்பிச்சுடுச்சு! ஆளுங்களுக்குப் பதிலா மணல் மூட்டையை உக்கார வெச்சு விடறாங்க. மேல ஏறி, நின்னு, அப்படியே..." என்று கையால் இறக்கிக் காட்டினாள். பிறகு என் காதோடு, "மணல் மூட்டைக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்காதா?" என்றாள். நான் சிரித்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை நாலு பேருமாகப் போவதென்று முடிவாயிற்று. புடவையைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. காற்றில் முந்தானை எங்கே போகும், ஊக்கு எத்தனை குத்துவது. எல்லோரும் சுடிதார் என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். சானடோரியம் அக்கா பிறந்ததிலிருந்து சுடிதார் போட்டதில்லை. மகளுடையதைக் கேட்டு வாங்கித் தையல் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்த மாத்திரத்தில் பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் சிரித்தோம். தாம்பரத்துக்காரி மாம்பழ நிறத்தில் புதிதாகத் தைத்திருந்தாள். வீட்டில், டீச்சர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"காலையிலேயே மொட்டைமாடி கொடியில சிவப்புப் போர்வையைக் காயப் போட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். "எங்க மாடியிலேர்ந்து அது தெரியுதுன்னா, அதுலேர்ந்து எங்க மாடி தெரியணும்ல? உச்சியில நிக்கறப்போ நீ வலது பக்கம் தேடு, நான் இடது பக்கம்."

வரிசை நீளமாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். தலைக்கு மேலே பெட்டிகள் கடகடவென்று போகும்போதெல்லாம் கூட்டம் 'ஓ' என்று கத்தும், அவளும் கத்துவாள். பாதி வரிசையில் ஒரு போர்டு இருந்தது. இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று பெரிய எழுத்தில். அவள் அந்த இடத்தைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். போர்டைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். அதற்கப்புறம் வேறெதுவும் பார்க்கவில்லை. அவள் உதட்டைப் பார்ப்பதும், அவள் கையைப் பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தேன். கை சில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கள் முறை வந்தது. அவள் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த நாலு தப்படிதான். முதல் பெட்டியின் முன் சீட்டில் நீலக் கரைக் கைக்குட்டையை விரித்துப் போட்டுவிட்டு, "குரோம்பேட்டை! வா!" என்று கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன், பக்கத்தில் அவள். எங்களுக்குப் பின்னால் டீச்சரும் அக்காவும். இரும்புக் கம்பி மடிமேல் இறங்கியது. அங்கே வேலை பார்த்த ஆள் ஒவ்வொரு கம்பியாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே, "ஹார்ட் பிராப்ளம் யாருக்குனா இருக்குதா? பிரக்னன்ட் யாருனா கீறாங்களா?" என்று பாட்டாகக் கேட்டுக்கொண்டு வந்தான். எங்களிடம் வந்தான். அவள் "இல்ல" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன்.

"இவங்களுக்கு ஹார்ட்ல வால்வு சரியில்ல. இறக்கிவிட்டுடுங்க."

அவன் திடுக்கிட்டுப் போனான். "இன்னாக்கா, மொதல்லயே சொல்லக் கூடாதா? எறங்குக்கா, எறங்கு. எதுனா ஆச்சுன்னா என் வேல பூடும்." கம்பியைத் தூக்கினான். பின்னாலிருந்து அக்கா, "என்னடி, என்னடி?" என்றாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "பாவம், பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. இறங்கி, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டாள். "உன் செருப்பைக் கழட்டிக் குடு, விழுந்துடப் போகுது" என்றாள். கழற்றிக் கொடுத்தேன்.

இதுவரை எழுதினது கஷ்டமில்லை. பயத்தில் சொன்னேன், அவள்மேல் இருந்த பிரியத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஆள் கம்பியை மறுபடி இறக்கப் போகும்போது என்னைப் பார்த்து, "நீ போறியாக்கா, எறங்கறியா?" என்று கேட்டான். நான் இறங்கவில்லை. பத்து மாதம் நானும் காத்திருந்தேன் இல்லையா? "போறேன்" என்றேன். பக்கத்து சீட்டு காலியாகவே போனது. சத்தியத்தை மீறினவள், மீறின கையோடு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பெட்டி சங்கிலியைப் பிடித்து மெல்ல ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது போல இருந்தது. வலது பக்கம் எனக்குப் பொட்டலும் ஏரியும்தான் தெரிந்தன. இடது பக்கம், காலி சீட்டுக்கு மேலாக, தென்னந்தோப்புக்கு அப்பால் அந்த வீடு. மாடியில் சிவப்பாகப் போர்வை. ஒரு ஓரம் கொடியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்புறம் கீழே விழுந்தோம். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அனுபவித்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இறங்கி வந்தால், வெளியே போகிற வழியில் எங்கள் நாலு பேர் பையையும் என் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

"ஒண்ணும் பெரிசா இல்ல. நம்ம ரயில் மாதிரிதான்."

"போர்வை தெரிஞ்சுதா?"

"கண்ணை மூடிக்கிட்டேன். பாக்கல."

அவள் இழந்ததைச் சின்னதாக்கிக் காட்டினால் அவளுக்கு வலிக்காது என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன் என்றால், அந்த சீட்டையும் வீணாக்கிவிட்டேன் என்றல்லவா அர்த்தம்? அவள் செருப்பைக் கீழே வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சானடோரியம் அக்கா என் தோளைத் தட்டி, "நீ பண்ணினதுதான்டி சரி. ஏதாவது ஆகியிருந்தா?" என்றாள். டீச்சரும் தலையாட்டினார். எல்லோரும் என்னை நல்லவள் என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை குரோம்பேட்டையில் பயந்துகொண்டேதான் ஏறினேன். ஜன்னலோரத்தில் நீலக் கரைக் கைக்குட்டை கிடந்தது. அவள் அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டாள். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் அவள் வந்த ஒரு நாள்கூட அது கிடக்காமல் இல்லை. பேசினாள், சிரித்தாள், மோர்மிளகாய் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் மொட்டைமாடிச் செய்தி நின்றுபோயிற்று. நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "விடு. ஜன்னலைச் சாத்து, தூசி வருது" என்றாள். அதோடு சரி. மன்னித்துவிட்டாளா, இல்லை கைக்குட்டை போட்டது வெறும் பழக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் வந்து நிற்கவில்லை. வால்வுக்கு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். பொங்கல் கழிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். "எனக்குப் பதிலா யாருடி சீட்டுப் பிடிக்கறா?" என்று கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சேதி வந்தது. ஐந்தாம் நாள் என் ஆபீஸுக்கு அவள் தம்பி போன் செய்தான். டெலிபோன்காரியின் சாவு டெலிபோனில்தான் எனக்கு வந்தது.

நான் அவள் உயிரைக் காப்பாற்றினேன் என்று அக்கா சொன்னாளே, அது எட்டு ஒன்பது மாதம். அதைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு அவள் ஏறியிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அந்த ஒன்றரை நிமிஷத்தை மட்டும் நான்தான் பிடுங்கினேன் என்பதில் சந்தேகமே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் மேலே போனேன். தென்னந்தோப்புக்கு மேலே அந்த மஞ்சள் மேடு தெரிந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது ஜனங்கள் கத்துவது லேசாகக் கேட்டது.

"நீதானேம்மா குரோம்பேட்டை?" என்றார் அந்த அம்மா. "உன்னைப் பாக்கணும்னு இருந்தேன். அதுல ஏறினதை எங்கிட்ட ஒரு மாசம் கழிச்சுத்தான் சொன்னா. மொதல்ல நல்லாக் கத்திட்டேன். அப்புறம் நானே தினம் கேப்பேன். முன் சீட்டாமே. நீ கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தியாமே. கீழே வர்றப்போ வயிறு வாய்க்கு வந்துடுச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அவ ஆசைப்பட்டதுல நடந்தது அது ஒண்ணுதாம்மா. உன்னாலதான்."

நான் கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உச்சியிலேர்ந்து நம்ம மாடி தெரிஞ்சுது, சிவப்புப் போர்வை தெரிஞ்சுதுன்னு சொன்னா. இவ்வளவு தூரத்துக்கு அது எப்படித் தெரியும்? என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாளோன்னு ஒரு சந்தேகம்."

"தெரிஞ்சுதும்மா" என்றேன். "நல்லாத் தெரிஞ்சுது. ஒரு ஓரம் கொடியிலேர்ந்து நழுவித் தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"ஆமா. நான்தான் சாயங்காலம் எடுத்தேன், பாதி தரையில கிடந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவ பொய் சொல்லல."

"இல்லம்மா" என்றேன்.